நான்கெல்லைக்குட்பட்ட வீடு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கோட்டைகளும் கோபுரங்களும் கல்வெட்டுகளும்தாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் எழுத்து இருக்கிறது. படித்தவர்கள் படித்துச் சொன்னார்கள். நாம் தேர்வில் எழுதினோம். ஆனால் நம் தெருக்கோடியில் ஓடு சரிந்து, திண்ணை பெயர்ந்து, ஆலங்கன்று முளைத்து நிற்கிறதே ஒரு வீடு, அதற்கும் எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து சுவரில் இல்லை. அரசு அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருக்கிறது. எவர் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கேட்பார்தாம் இல்லை.

கேட்க வேண்டும் என்பதும், குறிப்பாக நம்மைப் போன்ற மாணவர்கள் கேட்க வேண்டும் என்பதும் என் கருத்து. வரலாற்றுத் துறை நண்பர்கள், "வேதியியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கக் கூடும். சோதனைச் சாலையில் உப்பைக் கண்டறியும் வேலைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை என்பதே என் விடை. ஊகத்தை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு சோதனையாகச் செய்து பார்ப்பதுதான் இரண்டும்.

இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது எங்கள் சிற்றூர். அங்கே ஒரு பெரிய வீடு உண்டு. இரண்டு முற்றம், தேக்குத் தூண்கள், கொல்லையில் பத்தாயம் வைத்திருந்த கொட்டகை. உரிமையாளர்கள் வெளியூர் சென்று பல்லாண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு அதை இடித்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, ஊரார் எல்லாரும் ஒரே குரலில், "முந்நூறு வருஷத்து வீடாயிற்றே!" என்றார்கள். முந்நூறா? யார் எண்ணினார்கள்? கூரையின் மங்களூர் ஓடு ஒன்றில் 1865 என்று அச்சு இருப்பதைக் காட்டி, "குறைந்தது அந்த ஆண்டாவது இருக்கும்" என்றார் ஒருவர். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. ஓட்டில் இருப்பது தொழிற்சாலையின் வயது, வீட்டின் வயதன்று. இங்கேதான் எனக்கு ஆர்வம் பிறந்தது.

நம் நாட்டில் பத்திரப் பதிவுச் சட்டம் 1864-இல் வந்தது. இப்போது நடப்பில் உள்ளது 1908ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலத்தையோ வீட்டையோ விற்றால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம். ஆகவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊர்களில் கைமாறிய மனைகளின் கதை சார்பதிவாளர் அலுவலகங்களில் தொகுதி தொகுதியாக உறங்குகிறது. அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல்கள் அடங்கியது முதலாம் புத்தகம். அதற்கு ஆள் பெயரைக் கொண்டு தேட ஓர் அட்டவணையும், சொத்தைக் கொண்டு தேட ஓர் அட்டவணையும் உண்டு. உரிய கட்டணத்தைக் கட்டினால் அந்தப் புத்தகத்தையும் அட்டவணைகளையும் எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம் என்கிறது அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு. "வாரிசுகள்" என்றோ "உரிமையாளர்" என்றோ அங்கே சொல்லவில்லை. எவரும் என்றுதான் இருக்கிறது. உயில்களுக்கு மட்டும் வேறு விதி: எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்க்கு நகல் கிடையாது. மூடி வைக்க வேண்டியது எது, திறந்து வைக்க வேண்டியது எது என்று சட்டம் இயற்றியவர்கள் எண்ணித்தான் பிரித்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் திறந்த கதவு வேறு, அலுவலகத்துக் கதவு வேறு. நான் முதன்முதலில் மனுவுடன் நின்றபோது, "அந்த வீட்டுக்கு நீ யார்?" என்று கேட்கப்பட்டது. "யாருமில்லை" என்றேன். "பிறகு உனக்கு எதற்கு?" மூன்று முறை நடந்தேன். நான்காம் முறை 57ஆம் பிரிவைத் தாளில் எழுதி மனுவோடு இணைத்தேன். அதன் பின் ஒரு பெரியவர், பத்திர எழுத்தராக நாற்பதாண்டு இருந்தவர், தாமாகவே வந்து அருகில் அமர்ந்து எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இத்தகையவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு அந்தப் படிப்பும் போய்விடும் என்பதே என் கவலை.

ஆம், அதைப் படிப்பதற்கு ஒரு படிப்பு வேண்டும்! ஆண்டு ஆங்கிலத்தில் இராது. பிரமாதி, விபவ என்று அறுபதாண்டுச் சுற்றில் இருக்கும். அல்லது பசலியில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: பசலி 1320 என்றால் 1910 சூலையில் தொடங்கும் ஆண்டு. தொகை ரூபாய், அணா, பையில் இருக்கும்; 1957-இல்தான் நயா பைசா வந்தது. நிலம் வேலி, மா, குழியில் இருக்கும். எங்கள் பக்கத்தில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். எண்கள் தமிழ் எழுத்தெண்களாகவும் இருக்கலாம். மாவட்டத்தின் பெயரும் பொறி வைக்கும். எங்கள் ஊர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பின்பு நாகப்பட்டினம் மாவட்டம், 1997 முதல் திருவாரூர் மாவட்டம். வீடு ஓரடி கூட நகரவில்லை. முகவரி இரண்டு முறை மாறிவிட்டது.

எல்லை சொல்லும் முறைதான் புதியவனைத் திகைக்க வைக்கும். "தெருவுக்கு வடக்கு" என்றால் தெரு வடக்கே இருப்பதாகப் பொருளன்று. தெருவுக்கு வடபுறத்தில் மனை இருக்கிறது, ஆகவே தெரு மனைக்குத் தெற்கே. இப்படி நான்கு புறமும் சொல்லி, "இந்த நான்கெல்லைக்குட்பட்ட" என்று முடித்து, அதற்குள் இருக்கும் கிணறு, மரவடை, நிதி நிட்சேபம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார்கள். புதையல் இருந்தால் அதுவும் வாங்குபவருக்கே! இவ்வளவு தாராளமாக எழுதியவர்கள் அந்த வீட்டை எப்போது கட்டினார்கள் என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதுவதில்லை. ஏனெனில் பத்திரம் கைமாற்றத்தைச் சொல்லும், கட்டியதைச் சொல்லாது.

அப்படியானால் வயதை எப்படிக் காண்பது? தரம் பார்த்தலில் நிறம் மாறும் துளியைக் கவனிப்பது போல, சொல் மாறும் இடத்தைக் கவனிக்க வேண்டும். 1893-இல் எழுதிய கிரயப் பத்திரத்தில் இந்த இடம் வெறும் "மனைக்கட்டு". 1911-இல் எழுதிய அடமானப் பத்திரத்தில் அதே எல்லைகளுக்குள் "மச்சுக்கட்டு வீடு" வந்துவிடுகிறது. ஆகவே வீடு எழுந்தது இந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள். முந்நூறு என்ற ஊர்ப் பெருமை நூற்றுச் சொச்சத்தில் வந்து நின்றது. ஊரில் சிலருக்கு இதனால் என் மேல் வருத்தம்! எனக்கோ, முந்நூறைவிட இந்த நூற்றுச் சொச்சம் மதிப்பு மிக்கதாகத் தோன்றுகிறது. இதை நிறுவ முடிகிறதே!

அதன் பிறகு வீடு பேசத் தொடங்கிவிட்டது. 1931-இல் இரண்டாம் அடமானம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, பெரிய மிராசுகளே தள்ளாடிய காலம் அது. 1938-இல் இராசாசி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது; அதற்கடுத்த ஆண்டே அடமானம் தீர்ந்ததாக ஒரு ரசீதுப் பத்திரம். பாடநூலில் ஒரு வரியாகப் படித்த மந்தம், நான் அன்றாடம் கடந்து சென்ற ஒரு திண்ணையின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் சுவையானது 1959ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை. அந்த ஆண்டு சனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு நில உச்சவரம்பு வேண்டும் என்று தீர்மானித்தது. 1961-இல் நம் மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது; ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரம்பு, பின்பு 1970-இல் அது 15 ஆயிற்று. பிரிவினைக்குக் காரணம் இதுவென்று பத்திரத்தில் எழுதவில்லை. எழுதுவார்களா என்ன! ஆனால் ஒரே அடுப்பில் உண்டவர்கள் அந்த ஆண்டில் நால்வராகப் பிரிந்தார்கள். முன்கட்டு மூத்தவருக்கு; பின்கட்டு இளையவருக்கு; நடை பொது; கிணறு பொது, முறை வைத்து இறைத்துக் கொள்ள வேண்டியது; நடுச்சுவர் பொதுச்சுவர், அதில் எவரும் சன்னல் வைக்கக் கூடாது; கைம்பெண்ணாக இருந்த அத்தைக்கு ஆயுள் உள்ளளவும் மேலண்டை அறையில் வசிக்கும் உரிமை மட்டும், விற்கும் உரிமை இல்லை. அந்த அத்தையின் பெயர் ஆவணங்களில் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. அவர் எத்தனை ஆண்டு அந்த அறையில் இருந்தார் என்பதற்கு எந்தப் பத்திரமும் இல்லை.

இங்குதான் என் உண்மையான கருத்து தொடங்குகிறது.

பழைய பத்திரங்களில் பெயரை அடுத்துச் சாதியும், அதை அடுத்து ஜீவனமும் எழுதுவார்கள். நிலத்தின் வருவாயில் வாழ்பவருக்குச் "சுகஜீவனம்" என்று எழுதியிருக்கும். நான்கு தலைமுறையாக இந்த வீட்டாருக்குச் சுகஜீவனம்தான். அந்தச் சுகத்தை விளைவித்துக் கொடுத்தவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? என் பாட்டன் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். என் அப்பாயி அந்தக் கொல்லையில் நெல் குத்தியவர். அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. வீட்டின் உட்புறம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோது, "எனக்கு என்னடா தம்பி தெரியும்? கொல்லப்பக்கம் பத்தாயம் வரைக்குந்தான் நமக்கு. உள்ள மணி அடிக்கிறது கேக்கும், கெடியாரத்தப் பாத்ததில்ல" என்றார். ஏறக்குறைய நூறு பக்க நகல்களைப் புரட்டினேன். எங்கள் தெருவார் ஒருவர் பெயரும் இல்லை. எழுதிக் கொடுப்பவராக இல்லை, எழுதி வாங்குபவராக இல்லை, சாட்சியாகக் கூட இல்லை. நிலமும் பணமும் கைமாறினால்தானே பதிவு? உழைப்பு கைமாறுவதற்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

குடக்கூலிக்கு இருப்பவர் நிலையும் இதுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்குகிறது. அதனால்தான் நகரத்தில் "பதினொரு மாத ஒப்பந்தம்" என்ற வழக்கம் வேரூன்றியது. 2019-இல் நடப்புக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும் என்கிறது, நல்லது. ஆனால் அதற்கு முன் ஒரு வீட்டில் முப்பதாண்டு வாடகைக்கு வாழ்ந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், அந்த வீட்டின் ஆவணத் தொடரில் இல்லவே இல்லை. வீட்டு வரலாறு என்று நாம் எழுதப் போவது உரிமையாளர் வரலாறாக மட்டும் முடிந்துவிடக் கூடாது.

எங்கள் தெரு அந்த நூறு பக்கத்தில் முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1893ஆம் ஆண்டுக் கிரயத்தில் மனையோடு சேர்த்து ஒரு தோப்பும் விற்கப்பட்டிருக்கிறது. அந்தத் தோப்பின் எல்லை இப்படித் தொடங்குகிறது: "சேரிக்கு வடக்கு". பெயர் இல்லை, குடும்பம் இல்லை, எத்தனை குடிசை என்ற கணக்கு இல்லை. தோப்பு எங்கே முடிகிறது என்று காட்டுவதற்கு ஒரு கல்லைப் போல, ஒரு வாய்க்காலைப் போல, நாங்கள் எழுதப்பட்டிருக்கிறோம். இதைப் படித்தவுடன் நகலை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பிறகு அதே வரியை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடமே அறியாத அவர் ஒரு கணமும் தயங்காமல் கேட்டார்: "அப்ப ஆண்டை வூடு கட்டறதுக்கு முன்னாடியே நாம இருந்திருக்கோம், இல்ல?"

உண்மைதான்! வீடு "மனைக்கட்டாக" இருந்த நாளிலேயே சேரி எல்லையாக இருந்திருக்கிறது. ஊரில் மூத்தது பெரிய வீடன்று, எங்கள் தெரு. இதைச் சொல்வது எங்கள் தெருவாரின் பத்திரமும் அன்று. பெரிய வீட்டின் பத்திரமேதான். சுகஜீவனக்காரர்கள் தம் தோப்பைக் காத்துக் கொள்ள எழுதிய வரி எங்கள் பழைமைக்கும் சான்றாக நிற்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு தாள் உண்டு. 1971-இல் தமிழ்நாடு அரசு குடியிருப்புச் சட்டத்தை இயற்றி, அவ்வாண்டு சூன் 19 அன்று பிறர் மனையில் குடியிருந்த உழவர்க்கும் விவசாயத் தொழிலாளர்க்கும் அந்த மனையையே உரிமையாக்கியது. அதுவரை, "காலி செய்" என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் கூரை நிற்காது. அந்தச் சட்டத்தின் வழி வந்த தாளை அப்பாயி தகரப் பெட்டியில், ரேசன் அட்டைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதிலும் நான்கெல்லை இருக்கிறது. கிழக்கும் மேற்கும் எங்கள் உறவினர் மனைகள், பெயரோடு. தெற்கே வாய்க்கால். வடக்கே பெரிய வீட்டுத் தோப்பு.

இவ்வளவு அலைந்ததில் நான் கற்ற இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பத்திரப் பதிவோடு நின்றுவிடக் கூடாது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு, புலப்படம், நத்தம் கணக்கு ஆகியவை உண்டு. பரம்பரைக் கர்ணம் முறை 1980-இல் ஒழிந்த பிறகு இக்கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்திலும் இருக்கின்றன. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல சர்வே எண்கள் உட்பிரிவாயின. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்தி வைத்துக் கொண்டே தேட வேண்டும். நத்தத்தில் உள்ள வீட்டுக்குப் பழைய பட்டா கேட்டு அலைவது வீண். வீட்டு மனைகளுக்குத் தீர்வை இல்லாததால் அந்நாளில் நத்தத்துக்குத் தனித்தனிப் பட்டா வழங்கும் வழக்கமில்லை. ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு அங்கே உதவும்.

உரிமை பாராமல் ஆளைச் சொல்லும் பதிவு ஒன்றும் உண்டு. அது வாக்காளர் பட்டியல். கதவு எண் வாரியாக, சொந்தக்காரரோ குடக்கூலிக்காரரோ, அங்கே வாழ்ந்தவர் பெயரைச் சொல்கிறது. 2025-இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது நம்மில் எத்தனை பேர் இருபதாண்டுக்கு முந்தைய பட்டியலில் பெற்றோர் பெயரைத் தேடித் தவித்தோம்! பழைய தாளின் மதிப்பை அன்று நாடே உணர்ந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் மட்டும் நமக்குக் கிட்டா. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பார்வைக்கு மூடி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டுப் படிவங்களை 2022-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நூறாண்டு கடந்த பின்னாவது நம் நாட்டிலும் திறந்தால் என்ன?

"பிறர் வீட்டுப் பத்திரத்தைத் துருவுவது நாகரிகமா?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். வாங்குபவன் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இப்பதிவுகள் பொதுவில் வைக்கப்பட்டன. பொதுவில் வைத்ததைப் படிப்பது துருவுதல் ஆகாது. ஆயினும் இக்கட்டுரையில் அந்த வீட்டாரின் பெயரை நான் எழுதவில்லை. அது அவர்களுக்கு நான் செலுத்தும் மரியாதை. மற்றொருவன், "இந்த நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்திருக்கலாமே" என்றான். அவன் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். என் தந்தையும் அதையே சொல்கிறார். ஆனால் நம் குடும்பங்கள் அலுவலகப் படிக்கட்டில் அஞ்சி நின்ற காலமெல்லாம், படிக்கத் தெரிந்த இடையாள் ஒருவர் நம் பணத்தில் பிழைத்தார். பஞ்சமி நிலங்கள் எத்தனையோ கை மாறிப்போனதும், ஒப்படை நிபந்தனை எழுதிய ஏட்டை உரியவர்களால் படிக்க முடியாத நிலையில்தானே! ஒரு பழைய வீட்டின் பத்திரத்தைப் படிக்கப் பழகியவன் தன் வீட்டுப் பட்டாவை அடுத்தவரிடம் நீட்டிப் பொருள் கேட்க மாட்டான்.

ஆதலால் நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் புதர் வெட்டுகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம். ஏழு நாளில் இரண்டு நாளை ஒரு பழைய வீட்டுக்குக் கொடுத்தால் என்ன? வரலாற்றுத் துறை பத்திரம் படிக்கட்டும்; தமிழ்த் துறை பழைய கையெழுத்தையும் தமிழெண்ணையும் கற்பிக்கட்டும்; கணிதத் துறை குழியைச் சதுர அடியாக்கட்டும்; அந்த வீட்டில் வேலை செய்தவர்களிடம் சென்று கேட்டு எழுதும் பணியை எங்களிடம் விடுங்கள். பதிவுத் துறையிடமும் ஒன்று கேட்க வேண்டும். நான் புரட்டிய தொகுதி ஒன்றில் ஓரங்கள் விரல் பட்டவுடன் தூளாயின. அண்மைக் கால வில்லங்க விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நூறாண்டுக்கு முந்தையவற்றையும் படம் பிடித்து வைத்துவிட்டால், தாள் போனாலும் எழுத்து தங்கும்.

எங்கள் ஊர் வீட்டின் மனை 1893-க்கு முன் எவரிடம் இருந்தது என்பது இன்னும் கிட்டவில்லை. இனாம் நிலமாக இருந்திருந்தால் சென்னை எழும்பூரில், 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இருக்கும் 1860-களின் இனாம் பதிவேட்டில் தடயம் இருக்கும். வரும் கோடை விடுமுறையில் போவதாக இருக்கிறேன். மோடி எழுத்து படிக்கத் தெரிந்தவர் எவரேனும் நம் கல்லூரியில் இருந்தால் உடன் வரலாம். மராட்டியர் காலத்துத் தாள் ஏதாவது அகப்பட்டால் எனக்கு ஓரெழுத்தும் விளங்காது. முகாமுக்கு முதல் வீடாக எதை எடுப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நம் மாணவர் விடுதிக்குச் செல்லும் வழியில், தபால் பெட்டிக்கு எதிரே, பூட்டிக் கிடக்கிற திண்ணை வீட்டின் கதவு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.